மூன்று ஊருக்குக் கேட்ட கணக்கு

கோவில்மடைப்பட்டியில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் முதலில் கேட்பது சுரேஷ்கண்ணனின் குரல்தான். சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து வாய்க்கால் ஓரமாக உள்ளே திரும்பினால் வருகிற ஊர் அது. அவனிடம் ஓர் ஆட்டோ இருந்தது. அதன் தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர், பின்சீட்டில் ஆம்ப்ளிஃபயர், பேட்டரி. காதுகுத்து, கோயில் பொங்கல், காணாமல் போன பசுமாடு, குழாயில் தண்ணீர் வராத நாள் என்று எதுவானாலும் அவன்தான் மூன்று ஊரைச் சுற்றிச் சொல்லிவிட்டு வருவான். சாதாரணமாகப் பேசும்போது கொஞ்சம் திக்குகிறவன், மைக்கைப் பிடித்துவிட்டால் மழைபோல் கொட்டுவான். அவன் சொன்னால் ஊர் நம்பும். அதில் அவனுக்குப் பெருமை உண்டு.

அந்தப் பெருமைதான் போன ஜூலையில் அவனை மாட்டிவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். மகள் யோகஸ்ரீ தரையில் கவிழ்ந்து படுத்து வீட்டுக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஊர் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு. துண்டால் காலைத் துடைத்தபடி அவன் நோட்டை எட்டிப் பார்த்தான். 502-லிருந்து 278-ஐக் கழிக்க வேண்டும். அவள் ஒரு நீளக் கோடு போட்டு, அதன்மேல் தவளை தாவுவதுபோல் வளைவு வளைவாக நான்கு வளைவு வரைந்திருந்தாள்.

"ஏத்தா, கணக்குப் போடச் சொன்னாகளா, கோலம் போடச் சொன்னாகளா?"

"கழித்தல்ப்பா இது. எரநூத்தி எழுபத்தெட்டுலருந்து எரநூத்தி எம்பதுக்கு ரெண்டு. அங்கனருந்து முந்நூறுக்கு இருபது. அப்புறம் ஐந்நூறுக்கு எரநூறு. கடைசியா ஒரு ரெண்டு. மொத்தம் எரநூத்தி இருபத்தி நாலு."

"கழிக்கச் சொன்னா கூட்டுற? ரெண்டுல எட்டுப் போகாது, பக்கத்துல கடன் வாங்கணும்னு சொல்லிக் குடுக்கலையா?"

"அதுவும் தெரியும். எப்டி வேணாலும் போடலாம்னு ஜெனிபர் டீச்சர் சொன்னாக."

முந்தைய பக்கத்தைப் புரட்டினான். அங்கேயும் தவளைகள். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் சரி போட்டிருந்தது. சுரேஷ்கண்ணனுக்குப் பொறுக்கவில்லை. கடன் வாங்கிக் கழிப்பதற்காக அவன் நான்காம் வகுப்பில் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறான்! எப்படி வேண்டுமானாலும் போடலாம் என்றால் அந்தக் குட்டுக்கெல்லாம் என்ன அர்த்தம்?

மறுநாள் காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிடும்போது, வகுப்புச் சுவரில் ஒரு பெரிய அட்டை கண்ணில் பட்டது. 'கற்றல் விளைவுகள் – நான்காம் வகுப்பு' என்று தலைப்பு. அதன் கீழே வரிசையாக என்னென்னவோ. உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். ஜெனிபர் டீச்சரும் வாசலில்தான் நின்றாள். ஆனால் படித்தவர்கள் முன்னால் போய் நின்றால் அவனுக்குத் திக்கு அதிகமாகும். கேட்காமல் ஆட்டோவைத் திருப்பிவிட்டான்.

நேராக வந்து நின்றது சின்னமனூர் கடைவீதியில், முத்துராஜாவின் உரக்கடை வாசலில். முத்துராஜா அவனோடு பத்தாவது வரை படித்தவன். உரமும் விதையும் விற்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் போன்தான். ஊருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப், சாதிசனத்துக்கு ஒன்று, வியாபாரத்துக்கு இரண்டு, எதற்கென்றே தெரியாமல் நான்கு.

சுரேஷ்கண்ணன் சொல்லி முடிப்பதற்குள் முத்துராஜா தொடையில் தட்டினான். "அதான் மாப்ள! நேத்துத்தான் எனக்கு ஒரு வாய்ஸ் வந்துச்சு. கேளு."

போனில் யாரோ ஒருவர் மூச்சு வாங்காமல் பேசினார். இனி எல்லாப் பள்ளிக்கும் ஒரே தரமாம். எல்லா வாத்தியாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தை ஒரே மாதிரித்தான் நடத்த வேண்டுமாம். பழைய கணக்குக்குத் தடையாம். நன்றாகப் படிக்கிற பிள்ளையை இழுத்துப் பிடித்து மெதுவாகப் படிக்கிற பிள்ளையோடு கட்டிப் போடுவார்களாம். பிரைவேட் பள்ளிகளுக்கு மட்டும் இதெல்லாம் கிடையாதாம்.

"யாரு மாப்ள பேசுறது?"

"யாரோ ஒரு சாரு. வெவரம் தெரிஞ்சவரு. குரலப் பாரு, எம்புட்டுத் தெளிவு!"

குரல் தெளிவாக இருந்தால் விஷயமும் தெளிவாக இருக்கும் என்பதைச் சுரேஷ்கண்ணனும் நம்பினான். அவன் பிழைப்பே அதில்தானே ஓடியது.

மதியம் சாப்பிட வந்தபோது மனைவி உமாதேவியிடம் சொன்னான். அவள் வாழைத்தார் பேக்கிங் ஷெட்டில் சீப்பு பிரித்துப் பெட்டி போடுகிறவள். பேச்சில் சுருக்கம்.

"டீச்சர்ட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேக்குறதுக்கு என்னடி இருக்கு? கண்ணால பாத்தேன். காதால கேட்டேன்."

"கண்ணு பாத்தது பள்ளிக்கூடத்துல. காது கேட்டது உரக்கடையில." சோற்றுத்தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவள் ஷெட்டுக்குப் போய்விட்டாள்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டோ கிளம்பியது. கூலி வாங்காமல், சொந்தச் செலவில். "பெற்றோர்களே, தாய்மார்களே! நம் பிள்ளைகளின் கணக்குக்கு ஆபத்து! கடன் வாங்கிக் கழிக்கத் தடை! கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கால்கட்டு! ஊருக்கெல்லாம் ஒரே பாடம், ஒரே பக்கம்! வருகிற வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் திரண்டு வாரீர்! கேள்வி கேட்பீர்!"

மூன்று ஊரிலும் ஜனங்கள் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள். ஒரு சந்தில் இரண்டு முறை சொல்லச் சொன்னார்கள். இப்படி ஒரு வரவேற்பு கோயில் கொடைக்குக்கூடக் கிடைத்ததில்லை. இரவு அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

வியாழக்கிழமை அவனுக்கு உத்தமபாளையத்தில் வேலை. அங்கே ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் சில வகுப்புகளில் இன்னும் இடம் இருந்தது. தெருத்தெருவாகச் சொல்ல அவனை வரச்சொல்லியிருந்தார்கள். நோட்டீசை வாங்கிக்கொள்ள ஆபீசுக்குப் போனவன், வந்ததுதான் வந்தோம் என்று, நான்காம் வகுப்பில் இடம் உண்டா என்று மெதுவாகக் கேட்டான். ஆபீசில் இருந்த பெண், "கிளாசையே பாத்துட்டு வாங்களேன் சார்" என்று வராந்தாவைக் காட்டினாள்.

வகுப்பில் ஜான்சி மிஸ் கணக்கு நடத்திக்கொண்டிருந்தார். மேஜையில் ஐஸ் குச்சிகள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியவை, பத்துக் கட்டுகளை ஒன்றாகச் சேர்த்து நூறாகக் கட்டியவை. ஒரு பையன் நூறு கட்டு ஒன்றை அவிழ்த்துப் பத்துக் கட்டுகளாகப் பரப்பினான். அதில் ஒன்றை அவிழ்த்துத் தனிக் குச்சிகளாக்கினான். கரும்பலகையில் ஒரு கழித்தல். சுரேஷ்கண்ணன் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தான். இங்கேயும் கடன் வாங்கக் காணோமே, கட்டைத்தானே பிரிக்கிறார்கள்!

மிஸ் அவனைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். அவன் திக்கித் திக்கி விஷயத்தைச் சொன்னான். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் ஒரே தரம், ஒரே பக்கம் என்று கொண்டு வந்துவிட்டார்கள், இங்கே அதெல்லாம் கிடையாதாமே, அதனால்தான் பிள்ளையை மாற்றலாமா என்று.

ஜான்சி மிஸ் வகுப்புக்குள் போய் ஒரு புத்தகத்தை எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தார். அட்டையைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. யோகஸ்ரீயின் பையில் இருக்கிற அதே புத்தகம். உள்ளே மட்டும் இங்கிலீஷ். பாடத்துக்குப் பாடம், படத்துக்குப் படம் அதேதான். பிறகு மிஸ் தன் பாடக்குறிப்பு நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த தாளில் அதே வரிசை. அவன் பள்ளிச் சுவரில் பார்த்தது.

"சார், நாலாப்பு முடிக்கிற பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிஞ்சிருக்கணும்னு இதுல இருக்கு. அவ்வளவுதான். உங்க ஊரு பிள்ளைக்கும் இதுதான், எங்க பிள்ளைக்கும் இதுதான். அதை எப்படிச் சொல்லிக் குடுக்குறதுங்கிறது எங்க தலைவலி. நான் குச்சி வச்சுக்கிட்டேன். உங்க டீச்சர் கோடு போட்டிருக்காங்க."

"அப்ப ஒ... ஒரே நாள்ல ஒரே பக்கம்?"

"நேத்து நடத்தின பக்கத்தையே இன்னைக்கும் நடத்திட்டு இருக்கேன் சார். பாதிப் பேருக்குப் புரியல."

"கடன் வாங்குறதுக்குத் தடையில்லையா?"

மிஸ்சுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "குச்சிக் கட்டை அவுக்குறாங்களே, அதுதான் சார் கடன் வாங்குறது. என்ன நடக்குதுன்னு கண்ணுக்குத் தெரியட்டும்னு மொதல்ல இப்படி. அடுத்த வாரம் நோட்டுல எழுதுவாங்க."

சுரேஷ்கண்ணன் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டான். முதலில் மகளை நினைத்து ஒரு நிம்மதி. உடனேயே வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது. மூன்று ஊர்! அன்று உத்தமபாளையம் தெருக்களில் அவன் குரல் ஏறவே இல்லை. பேட்டரி போய்விட்டதா என்று ஒரு டீக்கடைக்காரர் கேட்டார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணி. வழக்கமாகப் பத்துப் பேர் வருகிற கூட்டத்துக்கு இருநூறு பேர் வந்திருந்தார்கள். இரண்டு நாளில் செய்தி நன்றாக வளர்ந்திருந்தது. வாய்ப்பாட்டையே எடுத்துவிட்டார்கள் என்றார் ஒருவர். பிள்ளைகளை எடைபோட்டுப் பிரிக்கப் போகிறார்கள் என்றாள் ஒருத்தி. எதற்கு எடை என்று அவளுக்கே தெரியவில்லை. வாழைத்தார் வெட்டுகிற ஆட்களுக்குத் தலைவரான அம்மாவாசி, வேலையை விட்டுவிட்டு எட்டு ஆட்களோடு அரிவாளும் கையுமாக வந்து வேப்பமரத்தடியில் நின்றார். தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. ஜெனிபர் டீச்சர் மட்டும் பிள்ளைகளை வைத்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாப்பா சுரேசு! நீயே ஆரம்பி" என்று அம்மாவாசி குரல் கொடுத்தார்.

மைக் அவன் கைக்கு வந்தது. கூட்டத்தின் ஓரத்தில் ஷெட்டிலிருந்து நேராக வந்திருந்த உமாதேவி, வாழைப்பால் கறை படிந்த சேலையோடு நின்றாள். அவளைப் பார்த்தான். அவள் மேலும் கீழுமாக ஒரே ஒரு முறை தலையாட்டினாள். முதல் நாள் சாயங்காலம் அவள் ஷெட்டிலிருந்து திரும்பியதுமே அவளிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டிருந்தான்.

"பெற்றோர்களே, தாய்மார்களே..." என்று ஆரம்பித்தான். அதற்குமேல் வரவில்லை. மைக்கைப் பிடித்துக்கொண்டு அவன் திக்கியது அன்றுதான் முதல் தடவை. "நா... நான் புதன்கிழமை சொன்னது தப்பு. விசாரிக்காமச் சொல்லிட்டேன்."

கூட்டத்தில் ஒரே இரைச்சல். "வேலையக் கெடுத்துட்டு வந்திருக்கோம்லே!" என்று ஓர் ஆள் கத்தினான். அம்மாவாசி கையை உயர்த்தினார். "ஏலே, சத்தம் போடாதீக. எது தப்பு, எது சரின்னு சொல்லட்டும்."

அவன் உத்தமபாளையத்தில் பார்த்ததைச் சொன்னான். அதே புத்தகம், அதே அட்டை, சொல்லித் தருகிற வழி மட்டும் வேறு. பள்ளி வாசலில் நின்ற முத்துராஜாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எனக்கு வந்துச்சு, அனுப்புனேன். நானா பேசுனேன்?" என்று அவன் பக்கத்துத் தோட்டத்து வேலிப் பக்கம் நகர்ந்தான்.

ஜெனிபர் டீச்சர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. கரும்பலகையை மரத்தடிக்குத் தூக்கிவரச் சொல்லி, 502, அதன் கீழே 278 என்று எழுதினாள். "யாரு வேணாலும் வாங்க. பிள்ளைக போட வேண்டாம், பெத்தவங்க போடுங்க."

சிரிப்பு எழுந்தது. யாரும் அசையவில்லை. சுரேஷ்கண்ணன் போய்க் கடன் வாங்கிக் கழித்தான். நடுவில் இருக்கிற பூச்சியத்திடம் கடன் கேட்டுக் கொஞ்ச நேரம் தடுமாறினான். பிள்ளைகள் உற்சாகமாகக் கத்தினார்கள். 224 வந்தது.

"நீங்கண்ணே?" என்றாள் டீச்சர், அம்மாவாசியிடம்.

"எனக்கு எழுத வராதும்மா."

"வாயால சொல்லுங்க."

அவர் அரிவாளை மரத்தில் சாய்த்து வைத்தார். "ஐநூத்தி ரெண்டு தாரு இருக்கு. முந்நூறு ஏத்திட்டேன்னு வச்சுக்குவோம். மிச்சம் எரநூத்தி ரெண்டு. ஆனா கேட்டது எரநூத்தி எழுபத்தெட்டு. இருபத்திரெண்டு கூட ஏத்திட்டோம். எறக்கு. எரநூத்தி இருபத்தி நாலு." சொல்லிவிட்டு, இதற்கென்ன இப்போது என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார்.

"இது எந்த வாத்தியார் சொல்லிக் குடுத்தது?"

"லாரிக்காரன்தான்" என்றார். வேப்பமரமே குலுங்கச் சிரித்தது கூட்டம்.

"எங்க அட்டையில, மூணு இலக்கத்தக் கழிக்கத் தெரியணும்னுதான் இருக்கு. அம்மாவாசி அண்ணனுக்கும் தெரியுது, சுரேஷ் அண்ணனுக்கும் தெரியுது. ரெண்டு பேருக்கும் சரி போடணும்ல?" என்றாள் டீச்சர்.

அதோடு கூட்டம் கலைந்திருக்கும். ஆனால் பின்வரிசையிலிருந்து சுப்புத்தாய் எழுந்தாள். விடியும் முன்னே கம்பம் போய், அங்கிருந்து ஜீப்பில் மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறவள். அன்று ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"டீச்சர், எல்லாம் சரி. எம் மக அஞ்சாப்பு. அவளுக்கு நூறுக்கு மேல எண்ணத் தெரியல. உங்க அட்டை அவளுக்கு என்ன செய்யும்?"

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"அட்டை ஒண்ணும் செய்யாதுக்கா. அது சொல்லிக் குடுக்காது. அவ எங்கன நிக்குறா, எங்கன நிக்கணும்னு காட்டும். காட்டுனதுக்கு அப்புறம் சொல்லிக் குடுக்க வேண்டியது நான்தான். வகுப்பு நேரம் பத்தல. நாலு மணிக்கு மேல ஒரு மணி நேரம் உக்காரலாம்னா நான் தயார். ஆனா நீங்க வர்றதுக்கு இருட்டிரும், அதுக்கு முன்னாடி பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது யாரு?"

"நா... நான் கொண்டு போய் விடுறேன்" என்றான் சுரேஷ்கண்ணன். யாரும் கேட்காமலே வந்துவிட்டது அந்த வார்த்தை.

அன்று வீட்டுக்குப் போன பிறகு இன்னொரு வேலை மிச்சம் இருந்தது. கூட்டத்துக்கு வந்தது இருநூறு பேர். மைக்கில் கேட்டதோ மூன்று ஊர். திருத்திச் சொல்ல வேண்டும். எழுத உட்கார்ந்தான். பொய்யைச் சொன்னபோது வார்த்தைகள் தாளம் போட்டுக்கொண்டு வந்தன. உண்மை அப்படி வரவில்லை. 'ஆனால்' என்றும் 'அதாவது' என்றும் இழுத்துக்கொண்டு ஒன்றரைப் பக்கம் போனது. ஓடுகிற ஆட்டோவிலிருந்து ஒன்றரைப் பக்கத்தை யார் கேட்பார்கள்? உமாதேவி தாளை வாங்கிப் படித்தாள். எல்லாவற்றையும் அடித்துவிட்டு நான்கு வரி எழுதிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை ஆட்டோ கிளம்பியது. "புதன்கிழமை நான் சொன்னது தவறு! எல்லாப் பள்ளிக்கும் பொதுவானது, பிள்ளைக்கு என்ன தெரிய வேண்டும் என்பது மட்டுமே! எப்படிச் சொல்லித் தருவது என்பது டீச்சர் பாடு! சந்தேகம் இருந்தால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்!" கடைசி வாக்கியம் உமாதேவியின் சொந்தச் சேர்க்கை. அதைக் கேட்டு ஜனங்கள் வாசலில் நின்று கை தட்டினார்கள். சுரேஷ்கண்ணனுக்குக் காது சிவந்தாலும், இரண்டாவது ஊருக்குப் போவதற்குள் அது பழகிவிட்டது. மூன்றாவது ஊரில் கொஞ்சம் ராகம்கூடச் சேர்ந்துவிட்டது.

அந்த மூன்றாவது ஊரில்தான் பஞ்சர் கடை ஜோயல் நடுரோட்டுக்கு வந்து ஆட்டோவை மறித்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, இப்ப வந்து தப்புங்கிறீக! நீங்க அன்னைக்குச் சொன்னதக் கேட்டு, நேத்துக் காலையில ரெண்டு பிள்ளைக்கும் டிசி வாங்கிட்டேன்ணே! பிரைவேட்ல போய்க் கேட்டா ரெண்டாப்புல எடம் இல்லைங்கிறாக. பிள்ளைக வீட்டுல உக்காந்திருக்குக."

கடைக்குள் டயர்களுக்கு நடுவே இரட்டைப் பெண் பிள்ளைகள் இருவரும், பள்ளி இல்லாத சந்தோஷத்தில் டியூபை உருட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். சுரேஷ்கண்ணன் ஆட்டோவை அணைத்தான். சிரித்துக் கழிக்கிற தப்பாக மட்டும் அது இருந்துவிடவில்லை என்று அப்போது உறைத்தது. "திங்கக்கிழமை காலையில நானே வர்றேன் தம்பி. நீ கவலப்படாத" என்றான்.

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் ஜோயலையும் இரட்டையரையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனான். தலைமையாசிரியர் அவனை நிற்க வைத்தே கொஞ்ச நேரம் பேசினார். பேசியதெல்லாம் நியாயம். கடைசியில் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, என்ன நடந்தது என்று எழுதித்தரச் சொன்னார். அவன் எழுதினான்: ஜோயல் என்பவர் தன் பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழை வாங்கியது முழுக்க முழுக்க என் வாயால். சார் படித்துப் பார்த்தார். மீசைக்குள் ஏதோ அசைந்தது. சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, இரண்டு பெயரையும் மறுபடி எழுதினார்.

அன்று நான்கு மணி வகுப்பில் சுப்புத்தாயின் மகளோடு ஆறு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் பதினைந்து பேரானார்கள். வீட்டில் யாரும் இல்லாத பிள்ளைகளை ஐந்து மணிக்கு மேல் ஆட்டோவில் ஏற்றி ஒவ்வொரு தெருவாக இறக்கிவிடுவது சுரேஷ்கண்ணன். இரட்டையருக்கு அந்த வகுப்பு தேவையில்லை. இருந்தாலும் ஆட்டோவுக்காகவே உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாளே இருவரும் பின்சீட்டில் மைக்கைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"மாமா, ஒரே ஒரு தடவ!"

அவன் சுற்றும் முற்றும் பார்த்தான். தொண்டையைச் செருமி, "என்ன சொல்லப் போறீக, மொதல்ல எங்கிட்டச் சொல்லுங்க" என்றான். அவர்கள் காதோடு சொன்னார்கள். யோசித்துப் பார்த்ததில் அதில் தப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. சுவிட்சைப் போட்டான்.

மேலத்தெரு முழுக்கக் கேட்டது: "நாங்க வீட்டுக்கு வந்துட்டோம்! பசிக்குது!"